பிரஷ்யாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு: பழைய லுத்தரன் குடும்பங்களைக் கடலேற்றிய ஆணையும் கடனும்

1838 நவம்பருக்கும் 1839 ஜனவரிக்கும் இடையில் பிரின்ஸ் ஜார்ஜ், பெங்காலி, ஸீப்ரா, கத்தரீனா என்ற நான்கு கப்பல்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களைத் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறக்கிவிட்டன. பெரும்பாலும் உழவர்களும் கைவினைஞர்களுமான இவர்கள், பிரஷ்ய அரசின் கிழக்கு மாகாணங்களில், ஓடர் ஆற்றை ஒட்டிய கிராமங்களில் வாழ்ந்தவர்கள். மனைவி, மக்கள், முதிய பெற்றோர் என்று குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஏறத்தாழ ஊரே திரண்டு, உலகின் மறுகோடிக்கு வந்திருந்தனர். தங்கள் அரசர் வகுத்துக் கொடுத்த ஆராதனை முறைமையை ஏற்க மறுத்ததே அவர்கள் ஊரைவிட்டு வந்ததற்குக் காரணம். அப்படி மறுத்துப் பழைய முறையில் நின்றவர்களே பழைய லுத்தரன்கள். அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் பக்தியுள்ள புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். அவரை எதிர்த்தவர்களும் பக்தியுள்ள புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். மதத் துன்புறுத்தல் என்றவுடன் எரியும் கட்டைகளும் கத்தோலிக்கப் பேராயர்களும் நினைவுக்கு வருவது இயல்பு என்பதால், இந்த வழக்கின் தன்மை எளிதில் பிடிபடுவதில்லை.

சிக்கலின் வேர் 1613-இல் இருக்கிறது. அந்த ஆண்டு, பின்னாளைய பிரஷ்ய அரசின் கருவான பிரான்டன்பர்க்கின் ஆட்சியாளர் யோகான் சிகிஸ்முண்ட், கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபையின் நம்பிக்கையைத் தழுவினார். அவருடைய குடிமக்களில் பெரும்பாலோர் மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன்களாகவே இருந்தனர். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகள் ஹோஹன்சோலர்ன் அரச குடும்பம் ஒரு சபையிலும் நாடு இன்னொரு சபையிலுமாக இருந்தன. மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு இது சொந்த வாழ்க்கையின் மனக்குறையும்கூட. அவருடைய அரசி லூயிஸா லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். கணவனும் மனைவியும் ஒரே பலிபீடத்தின்முன் ஒன்றாகத் திருவிருந்து பெற முடியவில்லை. லூயிஸா 1810-இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். நெப்போலியனை எதிர்த்த போர்கள் முடிந்து நாடு மீண்டும் நிமிர்ந்தபோது, லுத்தர் தொடங்கிய புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தின் 300-ஆம் ஆண்டு நிறைவான 1817-இல், இரு சபைகளும் ஒன்றாகட்டும் என்று அரசர் அறிக்கை விடுத்தார். அந்த அறிக்கையில் கட்டாயம் இல்லை. அக்டோபர் 31 அன்று போட்ஸ்டாமில் இரு சபையாரும் சேர்ந்து திருவிருந்து பெற்றனர். நாட்டில் பலர் இதை மனமார வரவேற்கவும் செய்தனர்.

கட்டாயம் வந்தது புத்தகத்தின் வடிவில். பழைய வழிபாட்டு நூல்களைத் தாமே தேடிப் படித்த அரசர், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஓர் ஆராதனை ஒழுங்கு நூலை உருவாக்கி 1820-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். லுத்தர் காலத்து முறைக்குத் திரும்புகிறோம் என்பதே அவருடைய உறுதியான எண்ணம். ஆனால் திருவிருந்தில் அப்பத்தையும் இரசத்தையும் வழங்கும் இடத்தில்தான் முள் இருந்தது. அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் உண்மையாகவே வழங்கப்படுகின்றன என்பது லுத்தரன் போதனை. விசுவாசி ஆவிக்குரிய முறையில் கிறிஸ்துவோடு இணைகிறார் என்பது சீர்திருத்தச் சபையின் போதனை. புதிய நூலோ, ‘இது என் உடல்’ என்று கிறிஸ்து சொன்னார் என அறிவித்து வழங்கும்படி போதகருக்குக் கற்பித்தது. கேட்பவர் தத்தம் நம்பிக்கைப்படி பொருள் கொள்ளலாம். நிர்வாகத்தின் கண்ணில் இது நயமான தீர்வு. கண்டிப்பான லுத்தரனுக்கோ, உயிர்நிலையான இடத்தில் சபை வாய்மூடி நிற்பதாக இது பட்டது. ஆண்டவரின் பந்தியில் என்ன தரப்படுகிறது என்று தெளிவாகச் சொல்லாத சபை எப்படிச் சபையாகும் என்று அவர் கேட்டார். இதை அற்பமான சொற்சண்டை என்று ஒதுக்கிவிட்டால், பின்னால் நடந்த எதுவும் விளங்காது.

லுத்தரன் நம்பிக்கையின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 300-ஆம் ஆண்டு நிறைவான 1830 ஜூன் 25-ஐ ஒட்டி அரசு இந்நூலைப் பரவலாகத் திணித்தது. பிரஷ்ய மாகாணமான சிலேசியாவின் தலைநகர் பிரெஸ்லாவில் பேராசிரியராகவும் போதகராகவும் இருந்த யோகான் காட்பிரீட் ஷைபல் மறுத்தார். உடனே பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். 1832-இல் சாக்சனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற எதிர்ப்பு கிராமங்களுக்குப் பரவியது. 1834 பிப்ரவரி 28 அன்று வெளிவந்த அமைச்சரவை ஆணை, யாரும் தம் விசுவாச அறிக்கையைக் கைவிட வேண்டியதில்லை என்று ஒரு கையால் கொடுத்து, நூலைப் பின்பற்றியே ஆகவேண்டும், மறுப்போர் தனிச் சபையாக அமையவும் கூடாது என்று மறு கையால் எடுத்துக்கொண்டது. அதாவது உள்ளே இருந்தால் நூலை ஏற்க வேண்டும். வெளியே போனால் சபையாகக் கூட முடியாது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளுக்கு முன்தினம், சிலேசியாவின் ஹோனிகர்ன் என்ற ஊரில், தங்கள் கோயிலை விட்டுக்கொடுக்காமல் காவல் நின்ற மக்களைப் படைவீரர்கள் கலைத்துக் கதவை உடைத்துத் திறந்தனர். போதகர் எட்வர்ட் கெல்னர் ஏற்கெனவே சிறையில் இருந்தார்.

ஹோனிகர்ன் விதிவிலக்கு. பெரும்பாலான ஊர்களில் துன்புறுத்தல் வந்தது படையின் வடிவில் அல்ல, அபராதச் சீட்டின் வடிவில்தான். வீட்டில் கூடி ஜெபித்தால் அபராதம். கட்டத் தவறினால் ஆடு மாடுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஜப்தி. பணி நீக்கப்பட்ட போதகர் திருவிருந்து கொடுத்தாலோ ஞானஸ்நானம் கொடுத்தாலோ சிறை. வீட்டில் இருக்கும் ஒரே பசுவை அமீனா ஓட்டிக்கொண்டு போவது ஒரு குடியானவக் குடும்பத்துக்கு எத்தகைய அடி என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உயிர்ச்சேதம் இல்லாததைக் காட்டி, இது துன்புறுத்தலே அல்ல, பிடிவாதக்காரர்களின் மிகைக் கூச்சல் என்று அக்காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீட்டை ஓட்டாண்டியாக்கும் சட்டம், ஒரே நாளில் கதவை உடைக்கும் படையைவிட மெதுவானது என்பதால் மென்மையானதாகிவிடாது.

இத்தனைக்கும், நூறாண்டுக்கு முன் இதே பிரஷ்யா லுத்தரன் அகதிகளின் புகலிடமாக இருந்தது. சால்ஸ்பர்க்கின் கத்தோலிக்கப் பேராயர் ஃபிர்மியான் 1731-இல் தம் நாட்டுப் புராட்டஸ்டண்டுகளை வெளியேற்ற ஆணையிட்டபோது, ஏறத்தாழ 20,000 பேரில் பெரும்பகுதியினரை அழைத்துக் குடியமர்த்தியவர் இந்த அரசரின் கொள்ளுப்பாட்டனாரான முதலாம் பிரெடரிக் வில்லியம். அவர்களுள் ஒரு சிறு பிரிவினர் மட்டும் 1734-இல் கடல் கடந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குச் சென்றனர். அவர்களோடு சென்ற போல்ட்சியுஸ், குரோனாவ் என்ற இரு போதகர்களும் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். தரங்கம்பாடி மிஷனைத் தாங்கிய அதே ஹாலேதான் அது. லண்டனின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கமும் இரு முயற்சிகளுக்கும் ஒருசேர உதவியது.

தெற்கு ஆஸ்திரேலியக் கதையின் நடுநாயகம் அகஸ்ட் கவெல். 1798-இல் பெர்லினில் பிறந்த இவர், இன்று போலந்தில் கிளெம்ப்ஸ்க் என்று வழங்கும் கிளெம்சிக் என்ற ஊரில் 1826 முதல் போதகராக இருந்தார். 1835-இல் அரசுச் சபையின் பொறுப்பைத் துறந்தார். வெளியேறுவது ஒன்றே வழி என்று சபையார் முடிவு செய்தபின், 1836-இல் ஹாம்பர்க் சென்று ரஷ்யாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வழியுண்டா என்று விசாரித்தார். அங்கே அவருக்குச் சொல்லப்பட்ட பெயர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ். லண்டன் வணிகரும் தெற்கு ஆஸ்திரேலியக் கம்பெனியின் தலைவருமான ஆங்கஸ், ஆங்கிலேய அரசுச் சபையில் சேராத பாப்டிஸ்ட். அரசுச் சபைக்கு வெளியே நிற்பவனின் மனநிலை அவருக்குப் புதிதல்ல. அதே நேரத்தில், கைதிகளைக் கொண்டு உருவாக்காமல், நிலத்தை விலைக்கு விற்று அந்தப் பணத்தில் உழைப்பாளிகளை வரவழைக்கும் திட்டத்தோடு 1836-இல் தொடங்கிய அந்தக் குடியேற்றத்துக்கு, குடிப்பழக்கமற்ற, குடும்பத்தோடு வந்து நிலைத்து நிற்கக்கூடிய உழவர்கள் தேவைப்பட்டனர். ஆங்கஸின் இரக்கம் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அவருக்கே அது பிரிந்து தெரிந்திருக்குமா என்பதும் ஐயம்தான்.

ஆங்கஸ் தம் தலைமை எழுத்தர் சார்லஸ் ஃபிளாக்ஸ்மனைக் கிளெம்சிக்குக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர் அந்த மக்களைப் பற்றி நல்ல விதமாகவே சொன்னார். ஆனால் பிரஷ்ய அதிகாரிகள் கடவுச்சீட்டு தர மறுத்தனர். மனச்சாட்சிக்காகக் குடிமக்கள் நாட்டைவிட்டு ஓடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வது அரசருக்கு இழுக்கு. மறுப்போர் ஏமாற்றப்பட்ட பேதைகள், அவர்களைத் தடுப்பதே அவர்களுக்கு நன்மை என்பது அதிகார வட்டத்தின் வாதம். புறப்படும் எண்ணத்தில் வீடு வாசலை விற்றுவிட்ட குடும்பங்கள், விற்ற பணத்தைத் தின்றபடியே இரண்டு ஆண்டுகள் காத்திருந்தன. கவெல் அந்தக் காலத்தில் லண்டனில், ஆங்கஸின் ஆதரவில், துறைமுகத்துக்கு வரும் ஜெர்மன் மாலுமிகளிடையே ஊழியம் செய்தார். 1838-இல் அனுமதி கிடைத்தபோது கப்பற்கட்டணம் கொடுக்கப் பலரிடம் பணம் இல்லை. கம்பெனியின் சக பங்காளிகள் பின்வாங்கவே, ஏறத்தாழ 8,000 பவுண்டைத் தம் சொந்தப் பொறுப்பில் ஆங்கஸ் கடனாகக் கொடுத்தார். மனச்சாட்சி இவர்களைப் புறப்படச் செய்தது. ஆனால் அதே மனச்சாட்சி கொண்ட ஆயிரக்கணக்கானோர் பிரஷ்யாவிலேயே தங்கிவிட்டனர். யார் போனார்கள், எங்கே போனார்கள் என்பதைத் தீர்மானித்தவை கடவுச்சீட்டும் கடனுமே.

1838 கோடையின் தொடக்கத்தில், ஓடர் ஆற்றின் கரையிலுள்ள சிசெர்சிக் என்ற படகுத்துறையில் மக்கள் கூடினர். அங்கிருந்து ஆறும் கால்வாயுமாக மாறி மாறிப் படகுகளில் பெர்லின் வழியே சென்று எல்பே ஆற்றை அடைந்து ஹாம்பர்க் சேர்ந்தனர். அரசரின் தலைநகரின் ஊடாகவே, ஞானப்பாட்டுகளைப் பாடிக்கொண்டு அவர்கள் கடந்துபோனது பலரின் கவனத்தை ஈர்த்தது. பிரின்ஸ் ஜார்ஜ் ஜூலையில் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பியது. இங்கிலாந்தின் பிளிமத் துறையில் கவெல் வந்து ஏறிக்கொண்டார். ஃபிளாக்ஸ்மனும் அதே கப்பலில் பயணம் செய்தார். ஆகஸ்ட்டில் புறப்பட்ட ஸீப்ராவின் தலைவர் டிர்க் மைனர்ட்ஸ் ஹான், வடகடலிலுள்ள ஸில்ட் தீவுக்காரர். பின்னாளில் அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் இந்தப் பயணத்துக்கு அரிய சாட்சியம். தட்டுத் தட்டாக அடைக்கப்பட்ட படுக்கைகள், நோய், கடலில் இறக்கப்பட்ட சடலங்கள் என்று அக்காலக் கடற்பயணங்களின் அத்தனை துயரமும் இவர்களுக்கும் இருந்தது. இறந்தவர்களுள் சிறு குழந்தைகள் பலர். அதற்கு நடுவே காலையும் மாலையும் ஆராதனை தவறாமல் நடந்தது. பயணத்தின் முடிவில் ஹான் அவர்கள்மேல் வைத்த மதிப்பு வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. கரையில் விட்டுவிட்டுப் போகவேண்டிய கப்பல் தலைவர், ஊர் தெரியாத, ஆங்கிலம் தெரியாத அந்த மக்களுக்காகத் தாமே நில உரிமையாளர்களைத் தேடிப் போனார். மவுண்ட் பார்க்கர் பகுதியில் நிலம் வாங்கியிருந்த டட்டனும் அவருடைய கூட்டாளிகளும், முதலாண்டு குத்தகையின்றி நிலமும் விதையும் உணவும் தர இசைந்தனர். 1839-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அமைத்த அந்த ஊருக்கு ஹான்டார்ஃப் என்று அவர் பெயரையே வைத்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் கடன் கொடுக்காமலும் வட்டி வாங்காமலும் உதவிய மனிதர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் ஹான்தான்.

கவெலோடு வந்தவர்கள் அடிலெய்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், டாரன்ஸ் ஆற்றங்கரையில், ஆங்கஸின் நிலத்தில் குத்தகைக்குக் குடியேறிப் பழைய ஊரின் பெயராலேயே கிளெம்சிக் என்று அழைத்தனர். காய்கறி, வெண்ணெய், முட்டை எல்லாம் நகரத்தில் நல்ல விலைக்குப் போயின. ஹான்டார்ஃபின் பெண்கள் நள்ளிரவில் கிளம்பி, மலைப்பாதையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடந்து, விடியலில் அடிலெய்டு சந்தைக்குக் கூடைகளைச் சேர்த்தார்கள். திரும்பும்போது கோயில் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கடன் சீக்கிரம் தீரவில்லை. ஃபிளாக்ஸ்மன், ஆங்கஸின் பெயரில் அவரைக் கேளாமலேயே பரோசா பகுதியில் 28,000 ஏக்கரை ஏக்கருக்கு 1 பவுண்டு வீதம் வாங்கிவிட்டிருந்தார். அந்தச் சுமை ஆங்கஸை ஏறக்குறைய நொடித்துப்போகச் செய்தது. நிலத்தை மதிப்புள்ளதாக்க ஆட்கள் தேவை. ஆட்களோ கையில் இருந்தார்கள். வாங்கிய விலையைவிடப் பன்மடங்கு விலைக்கு அந்த நிலம் ஜெர்மானியர்களின் தலையில் விழுந்தது. 1842-இல் பெத்தனி, அடுத்த ஆண்டு லாங்மைல் என்று அவர்கள் பரோசாவில் உருவாக்கிய ஊர்களின் பகுதி இன்று திராட்சை மதுவுக்கு உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

அந்த நிலம் ஆங்கஸுக்கும் முன்பு யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிலெய்டு சமவெளி கவுர்ணா மக்களின் மண். ஹான்டார்ஃப் எழுந்தது பெரமாங்க் மக்களின் மண்ணில். வந்தவர்களின் கண்ணில் நிலத்துக்கு உரிமையாளர்கள் டட்டனும் ஆங்கஸும்தான். சொந்த ஊரில் உரிமை மறுக்கப்பட்டவர்கள் இன்னோர் இனத்தாரின் உரிமைமேல் வீடு கட்டினார்கள் என்பது, அந்தத் துறையில் இறங்கிய மற்ற எல்லாக் குடியேற்றக்காரர்களுக்கும் பொருந்துவதுபோலவே இவர்களுக்கும் பொருந்தும். இவர்களுக்குச் சில வாரங்கள் முன்னதாக, 1838 அக்டோபரில், கிளாமர் ஷூர்மன், கிறிஸ்டியன் டைஷெல்மன் என்ற இரு லுத்தரன் மிஷனரிகள் அடிலெய்டு வந்திருந்தனர். கவுர்ணா மொழியைக் கற்று, அதிலேயே பள்ளி நடத்தி, 1840-இல் அதன் இலக்கணத்தையும் சொற்தொகுதியையும் அச்சிட்டார்கள். வழக்கிழந்துபோன அம்மொழியை இன்று அதன் மக்கள் மீட்டெடுப்பதற்கு அந்த நூலே பெருந்துணையாக இருக்கிறது.

துன்புறுத்தல் நெடுநாள் நீடிக்கவில்லை. 1840 ஜூனில் அரசர் இறந்ததும், அவருடைய மகன் சிறையிலிருந்த போதகர்களை விடுவித்தார்; 1845-இல் பழைய லுத்தரன்கள் தனிச் சபையாக இயங்கச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. எனவே 1841-இல் போதகர் காட்ஹார்ட் ஃபிரிட்சேயின் தலைமையில் ஷோல்ட் கப்பலில் வந்தவர்களை முன்னவர்களோடு ஒரே தட்டில் வைக்கலாம். அதற்குப் பிந்தைய பல்லாயிரம் ஜெர்மன் குடியேறிகளை அப்படி வைக்க இயலாது. அவர்களில் பெரும்பாலோரை இழுத்தது நிலமும் உறவினர் எழுதிய கடிதங்களுமே. குடும்ப வரலாறு எழுதுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

திணிக்கப்பட்ட ஒற்றுமையை மறுத்து வந்தவர்கள், தாமாக ஒற்றுமையாகவும் இருக்கவில்லை. கிறிஸ்துவின் ஆயிரமாண்டு அரசாட்சி பற்றிய கவெலின் கருத்துகளை ஃபிரிட்சே ஏற்கவில்லை. 1846-இல் பெத்தனியில் கூடிய சங்கக் கூட்டத்தில் சபை இரண்டாகப் பிளந்தது. அதன் விளைவாகத் தொடர்ந்த இரண்டு மரபுகளும் 1966-இல்தான் ஆஸ்திரேலிய லுத்தரன் திருச்சபையாக ஒன்றுசேர்ந்தன. இடையில் முதல் உலகப் போர் அவர்களை மீண்டும் ஓர் அரசின் ஐயத்துக்கு ஆளாக்கியது. 1917-இல் லுத்தரன் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மன் ஊர்ப்பெயர்கள் சட்டத்தின்மூலம் மாற்றப்பட்டபோது ஹான்டார்ஃப் ஆம்பிள்சைடாகவும் கிளெம்சிக் காசாவாகவும் ஆயின. 1935-இல் இவ்விரு ஊர்களும் பழைய பெயர்களைத் திரும்பப் பெற்றன.

இதே ஆண்டுகளில் வேறு இரண்டு கூட்டங்களும் கடல் கடந்தன. சிறையிலிருந்த எர்ஃபுர்ட் போதகர் கிராபாவ், 1839-இல் ஏறத்தாழ ஆயிரம் பேரோடு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்கும் விஸ்கான்சினுக்கும் போனார். சாக்சனியிலிருந்து மார்ட்டின் ஸ்டெஃபான் என்ற போதகரின் பின்னால் அறுநூறுக்கும் மேற்பட்டோர் 1838-இன் இறுதியில் ஐந்து கப்பல்களில் பிரேமன் பகுதியிலிருந்து கிளம்பினர். அமாலியா என்ற கப்பல் அத்தனை பேருடனும் கடலில் மறைந்தது. மற்றவர்கள் மிசோரி போய்ச் சேர்ந்தனர். சாக்சனியில் பிரஷ்யாவைப்போல் சபை இணைப்பு ஆணை எதுவும் இல்லை. அங்கே அவர்கள் அஞ்சியது பகுத்தறிவுவாதச் சாயல் கொண்ட சபைத் தலைமையை. ஸ்டெஃபான் 1839-இல் தம் மக்களாலேயே பதவி நீக்கப்பட்டு மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் விடப்பட்டார். எஞ்சியவர்களை நிலைநிறுத்திய வால்தர், 1847-இல் உருவான மிசோரி சினாடு என்ற லுத்தரன் சபை அமைப்பின் முதல் தலைவரானார்.

அடிலெய்டுக்கு மிஷனரிகளை அனுப்பிய சங்கமும் மிசோரி சினாடும் தமிழ்நாட்டிலும் தடம் பதித்துள்ளன. ஷூர்மனையும் டைஷெல்மனையும் அனுப்பிய டிரெஸ்டன் மிஷன் சங்கம், கலப்பில்லாத லுத்தரன் அறிக்கையின் பேரில் 1836-இல் அமைந்தது. அதே சங்கம் 1840-இல் ஹைன்ரிக் கோர்டெஸைத் தரங்கம்பாடிக்கு அனுப்பி, நலிந்துகிடந்த பழைய மிஷனை மீட்டது. 1848-இல் லைப்சிக் நகருக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆயிற்று. 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இந்த வழியில் வந்தது. மறுபுறம், லைப்சிக் மிஷனோடு கருத்து வேறுபட்டு விலகிய இரு மிஷனரிகளைக் கொண்டு மிசோரி சினாடு 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கியது. ஆம்பூரிலும் நாகர்கோவில் வட்டாரத்திலும் வேரூன்றியுள்ள இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதன் தொடர்ச்சி. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இவ்விரண்டு லுத்தரன் சபைகளும் அதில் சேரவில்லை. அதன்பின் தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன்களுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்த இறையியல் பேச்சுவார்த்தைகளில், திருவிருந்தில் கிறிஸ்துவின் பிரசன்னம் எத்தகையது என்ற கேள்வியும் விவாதப் பொருளாக இருந்தது.